காணாமல் போன 5 வோல்ட்

மூன்று வாரமாகக் காரில் செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. போன புதன்கிழமை பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் பிக்கப் மொத்தமாக விழுந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஸ்கேனரில் வந்த எரர் கோடு பி0641, அதாவது இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையில் கோளாறு. ஒரு சர்வீஸ் சென்டரில் பார்த்ததுமே இசிஎம்மை மாற்றணும் என்றார்கள். மனசு கேட்கவில்லை, அல்சூரில் நம்ம மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) சாக்கெட்டைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தார். 0.4 வோல்ட்தான். "ஒரே லைன்ல நாலஞ்சு சென்சார் இருக்கு தம்பி, ஒண்ணு ஷார்ட் ஆனா எல்லாத்தையும் கீழ இழுத்துடும்" என்றபடி மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏசி பிரஷர் சென்சாரைக் கழற்றிய நொடியில் மீட்டர் 4.98க்கு ஏறியது! அந்த சென்சாரின் உலோகப் பின்களெல்லாம் பச்சைப் பச்சையாகப் பாசி மாதிரி பூத்திருந்தது.

எல்லா சென்சாரையும் கழற்றியும் 5 வோல்ட் வரவில்லை என்றால் அடுத்து வயரிங்கைப் பார்க்கணுமாம். இசிஎம் பக்கம் அந்த வயரைப் பிரித்துவிட்டும், இசிஎம்முக்கு வரும் சப்ளை, எர்த் சரியாக இருந்தும் வோல்டேஜ் வராவிட்டால்தான் இசிஎம் மேல் சந்தேகப்படணும். தயவுசெய்து இதையெல்லாம் பார்க்காமல் இசிஎம்முக்குப் பணம் கட்டாதீர்கள்.

சென்சார் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. இன்று காலை ஓசூர் வரை ஓட்டிப் பார்த்தேன், விளக்கு வரவில்லை.