எந்த எண்ணை அறிவிப்பது?

சிறிய சி கம்பைலர் (சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றை வெளியிடும் வாரத்தில், அது எந்த சி தரநிலையைப் பின்பற்றுகிறது என்று நிரல்களுக்கு அறிவிக்கும் எஸ்டிடிசி வெர்ஷன் மேக்ரோவைத் தொடக் கூடாது. 199901 என்றால் சி99, 201112 என்றால் சி11, 202311 என்றால் சி23. கம்பைலருக்குள் அது ஒரு வரி மாற்றம்தான். ஆனால் சிஸ்டம் ஹெடர்கள் (நூலக ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்புகள்) அந்த எண்ணைப் பார்த்துத்தான் நடந்துகொள்கின்றன. பரவலாகப் பயன்படும் ஜிசிசி கம்பைலர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத கம்பைலர் 199901 என்று அறிவித்தால், மசல் என்ற சி நூலகம், ஃபங்ஷன் திரும்பி வராது என்று குறிக்கும் நோரிட்டர்ன் என்ற சொல்லை வெற்று மேக்ரோவாக்கி மறைத்துவிடும். 201112 என்று உயர்த்தினால் மறைக்காது. நிரலின் இலக்கணத்தைப் படிக்கும் பார்சருக்கு அந்தச் சொல் தெரியாவிட்டால் அபார்ட் ஃபங்ஷனின் அறிவிப்பிலேயே கம்பைல் நின்றுபோகும்.

202311 விளைவிக்கும் சிக்கல் இன்னும் தாமதமாகத் தெரியும். 0பி என்று தொடங்கும் இரும எண்களைப் படிப்பதற்காக, லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் 2.38 முதல், உரையை எண்ணாக்கும் ஸ்டிரிடோல் ஃபங்ஷனுக்கான சி23 நிரல்களின் அழைப்பு வேறொரு சிம்பலுக்கு (லிங்க் செய்யும்போது தேடப்படும் பெயர்) திருப்பப்படுகிறது. அப்படி உருவான ஆப்ஜெக்ட் கோப்பு பழைய ஜிலிப்சியுடன் லிங்க் ஆகாது. இதை, புதிய ஜிலிப்சி உள்ள சொந்தக் கணினியில் எத்தனை முறை சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வசதிகளைச் சேர்ப்பது ஒரு வேலை, எண்ணை உயர்த்துவது வேறொரு வேலை. எலிஃப்டெஃப், செய்தி இல்லாத ஸ்டாட்டிக் அசர்ட், டைப்ஆஃப் போன்ற சி23 வசதிகளைப் பழைய எண்ணிலேயே கொடுத்துவிடலாம். 1'000'000 என்ற இலக்கப் பிரிப்பான் மட்டும் கவனம் கேட்கும். பார்சருக்கு முன் வேலை செய்யும் ப்ரீப்ராசஸர், எண் டோக்கனை (நிரலின் மிகச் சிறிய துண்டை) உருவாக்கும் இடத்திலேயே அதைக் கையாள வேண்டும். பார்சர் வரை விட்டால், அதற்குள் அந்த ஒற்றை மேற்கோள் ஓர் எழுத்து மாறிலியைத் திறந்துவிட்டிருக்கும்.

அடாமிக்ஸ், காம்ப்ளெக்ஸ், த்ரெட்ஸ் ஆகியவை இல்லை என்று அறிவிக்கத் தரநிலையே மேக்ரோக்கள் தந்திருக்கிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள். விரும்பிய பிட் அகலத்தில் முழு எண் தரும் பிட்இன்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அதன் உச்ச அகலம் அன்சைன்ட் லாங் லாங்கின் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதால், 64 பிட்டோடு நிறுத்திக்கொண்டாலும் தரநிலை ஏற்கும். இதைக் கவனிக்காமல் பெரும் எண் கணிதம் எழுத உட்கார்ந்தால் வெளியீடு மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

தள்ளிப்போவதும் தீங்குதான். டைனி சி கம்பைலரின் 0.9.26 வந்தது 2013இல், 0.9.27 வந்தது 2017இல். அதன்பின் பல ஆண்டுகள் அடுத்த வெளியீடு இல்லாததால், டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் அதன் மூலநிரல் ரெப்போவிலிருந்து ஏதோ ஒரு நாளின் நிலையை எடுத்துப் பேக்கேஜ் செய்தன. பயனர் அனுப்பும் பழுது எந்த நிலையைச் சேர்ந்தது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இயல்புநிலைப் பயன்முறையையும் (வேறெதுவும் சொல்லாதபோது கம்பைலர் பின்பற்றும் தரநிலை) சிறு வெளியீட்டில் மாற்ற வேண்டாம். 2025இல் ஜிசிசி 15 சி23ஐ இயல்பாக்கியதும், சி23இல் மொழியின் சொல்லாகிவிட்ட பூல் என்ற பெயரைத் தாமே டைப்டெஃப் செய்திருந்த பழைய நிரல்கள் உடைந்தன. வெற்று அடைப்புக்குறியுடன் அறிவித்த ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்பியவையும் அப்படியே. சிறு கம்பைலரை நாடி வருவதில் பெரும்பங்கு அத்தகைய நிரல்களே.

கம்பைலரின் சொந்த மூலநிரல் சி99ஐத் தாண்டாமலிருக்கட்டும். கீக்ஸ் என்ற லினக்ஸ் விநியோகத்தின் பூட்ஸ்ட்ராப்பில் (சிறிய நிரலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக எல்லாவற்றையும் கட்டும் முறை) மெஸ் கம்பைலர் டைனி சியைக் கட்டுகிறது. பிறகுதான் பழைய ஜிசிசி வருகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு புதுச் சொல்லே தடையாகிவிடும்.

வெளியீட்டுக்கென மூலநிரலில் கிளை பிரித்து உறையவைத்த பின், கம்பைலர் தன்னைத் தானே மூன்று முறை கட்டட்டும். இரண்டாம், மூன்றாம் பைனரிகள் பைட்டுக்கு பைட் ஒத்திருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் முதலில் கம்பைல் செய்த நாளைப் பதிக்கும் தேதி மேக்ரோ எங்காவது உள்ளே புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் இயந்திர நிரலை உருவாக்கும் கோட்ஜெனில் பிழை இருக்கக்கூடும். அதற்காக மட்டும் வெளியீட்டை நிறுத்தலாம்.