முன்கட்டை முதலில்

ஜூன் 3

துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயைத் திறந்து மூடும் இரும்புத் தாழை, பின்னுக்கு இழுத்துப் பார்த்தாயிற்று. காலி. தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றினேன், அதுவும் காலி. அதன் பிறகும் சுண்டுவிரலைத் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விட்டுத் தடவிப் பார்த்தேன். இருட்டுக்குள் பித்தளையும் காய்ந்த மசகும் ஒரே நிறம்.

உரிமம் பெயர் மாறும்வரை துப்பாக்கி கடையில் டெபாசிட்டில்தான். போய்ப் பார்க்கலாம், துடைக்கலாம். எடுத்து வர முடியாது.

ஜூன் 5

தோளில் பதியும் மரமான பின்கட்டை வந்து நுழைகிற இரும்பு வளையத்தின் வலது பக்கம், போல்ட் கைப்பிடிக்கு நேர் கீழே, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மசகு. மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, பருத்தித் துணி, இவ்வளவு போதும். கம்பித் தூரிகை படக்கூடாது, பொறிப்பின் விளிம்பு மழுங்கிவிடும். துடைத்த இடத்தில் வெள்ளைச் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மேலாக வழித்து விட்டதும் எழுத்து எழும்பி வந்தது.

கிரீடம். அதன் கீழ் ஜி.ஆர். அதன் கீழ் பி.எஸ்.ஏ. கோ. 1917. எஸ்.எச்.டி. எல்.இ. கடைசி வரியில் ரோமன் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ஆக, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த குட்டை லீ-என்ஃபீல்ட் ரைஃபிள், மார்க் 3 நட்சத்திரம். மார்க் 3 படைக்கு வந்தது 1907-இல். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் அவசரமாக வேண்டியிருந்ததால், நேரம் தின்கிற வேலைகளை உதறிவிட்டுச் செய்ததுதான் 1916-இன் நட்சத்திர வகை. மேகசினை மூடி வைக்கும் கட்-ஆஃப் தகடு போயிற்று. நெடுந்தூரத்துக்குக் குறிபார்க்கும் இடப்பக்கத்து வாலி சைட் போயிற்று. பின் சைட்டை இடம் வலம் நகர்த்தும் திருகும் போயிற்று.

ஜூன் 6

நட்சத்திரம் உயர்தரத்துக்கான அடையாளம் அல்ல. குறைத்துச் செய்ததற்கான அடையாளம்.

ஜூன் 9

வரிசை எண்கள். தேட வேண்டிய இடங்கள்: குழலைப் பிடித்திருக்கும் இரும்பு உடலான ரிசீவரின் முன்வளையத்தின் வலப்பக்கம், அதையொட்டிக் குழலின் அடி, போல்ட் கைப்பிடி கிளம்பும் இடத்தின் பின்புறம், பின் சைட் தகட்டின் அடிப்பக்கம், முன் மூக்குக் கவசம், குழலைத் தாங்கும் மரமான முன்கட்டையின் அடி. ரிசீவரும் குழலும் ஒரே எண். மூக்குக் கவசமும் அதேதான். சைட் தகட்டில் பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு இந்த எண்ணைக் குத்தியிருக்கிறார்கள். அது குறை இல்லை. படைப் பட்டறையில் முறையாகப் பொருத்தியதற்குச் சாட்சி.

போல்ட்டில் முற்றிலும் வேறு எண். அடித்துத் திருத்தவும் இல்லை. யாரோ, எப்போதோ, எதிலிருந்தோ கழற்றி மாட்டியது.

ஜூன் 10

போல்ட்.

ஜூன் 13

எல்லாமே போலியோ என்ற நினைப்பு இன்று காலையிலிருந்து விடவில்லை. கைபர் கணவாய்ப் பட்டறைகளில் அரத்தால் ராவியே முழுத் துப்பாக்கி செய்துவிடுவார்கள். அங்கே முத்திரையும் கையால் வெட்டுவதுதான். ஆங்கிலம் தெரியாத கை வெட்டினால் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும். வரி நேராக ஓடாது. சிலவற்றில் கிரீடத்தின் கீழ் வி.ஆர். என்று இருக்கும், ஆண்டு மட்டும் 1910-க்கு மேல். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில்.

லென்ஸ் வைத்து இரண்டு முறை பார்த்தேன். எழுத்துகளின் ஆழம் சமம். ஜி.ஆர். என்றால் ஐந்தாம் ஜார்ஜ், 1917-க்குச் சரி. 'என்' தேடினேன், அந்த முத்திரையில் 'என்' எழுத்தே இல்லை. சிரிப்பு வந்தது.

ஜூன் 14

பின்கட்டை லேசாக ஆடுகிறது. "அடித்தகட்டுக் கதவைத் திறந்து, நீளத் திருப்புளியை விட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் போச்சு" என்று அங்கே இருந்த ஒருவர் சொல்லி, திருப்புளியையும் கையில் எடுத்துவிட்டார். தடுத்தேன்.

இந்த வகையில் பின்கட்டையின் உள்ளே ஓடும் நீளப் போல்ட்டுக்கு முன்முனை சதுரம். அது வளையத்தைத் தாண்டி முன்னே நீட்டி, முன்கட்டையின் பின்முனையில் பதித்த சிறு தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், தானாகச் சுழலாமல் இருக்க. முன்கட்டை மாட்டியிருக்கும்போதே அதைத் திருப்பினால் சதுர முனை தகட்டைத் தூக்கும், தகடு மரத்தைப் பிளக்கும். நூறு வயது வால்நட் மரம், சத்தம்கூடப் பெரிதாக வராது. இப்படிப் பிளந்தவை எத்தனையோ. முன்கட்டை முதலில். எப்போதும்.

ஜூன் 18

ரிசீவர் மேல் அகன்ற அம்பு, அதன் கீழ் 'ஐ' எழுத்து. இந்திய அரசின் உடைமைக் குறி. மேகசினுக்குச் சற்று முன்னால் முன்கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகு. மரம் பிளக்காமலிருக்க மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் போட்ட வலுவூட்டல் அது. பிறந்தது பர்மிங்காமில், சீரானது இஷாப்பூரில்.

குழலில் '2.222' என்றோ '18.5 டன்' என்றோ எங்கும் இல்லை. முதலாவது இதற்கான .303 தோட்டாக் கூட்டின் அங்குல நீளம், இரண்டாவது அழுத்தம். பிரிட்டனில் தனியார் விற்பனைக்கு வந்த துப்பாக்கியில் சோதனைக் கூடம் குத்தியது. இல்லாததால் அந்தச் சந்தை வழியாக வந்த துப்பாக்கி அல்ல என்று கொள்ளலாம்.

பின்கட்டையை நினைக்கக் கூடாது.

ஜூன் 21

போல்ட்டைக் கழற்றும் முறை: பாதுகாப்புத் தாழை விடுவி, கைப்பிடியைத் தூக்கி முழுக்கப் பின்னுக்கு இழு, போல்ட்டின் முன்முனைத் தலையை மேல்நோக்கிச் சுண்டி ரிசீவரின் வரம்பிலிருந்து விடுவி, உருவு. வலுக்கட்டாயமாகச் சுண்டக் கூடாது.

குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றைச் சேம்பர் பக்கமிருந்து விட்டு வாய்ப்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், அதுவும் நேராக. சாய்த்து இழுத்தால் கயிறே குழல்வாயை அறுத்துத் தேய்த்துவிடும். நான்காம் துணியில் செம்பழுப்பு, ஒன்பதாவதில் சாம்பல். குழலின் உட்சுவரில் ஐந்து காடிகள், இடப்பக்கம் சுழல்கின்றன. வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

இது வெறும் ஈரத் துரு அல்ல. பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது உப்பாகிக் குழலில் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, மேலே போர்த்தி மூடும், அவ்வளவுதான். தண்ணீர்தான் கரைக்கும். படையில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே உலரவிட்டு, அப்புறம்தான் எண்ணெய் போடுவார்கள்.

காடியின் விட்டத்தை அளக்க ஈயக் குண்டை அடித்து இறக்கினோம். வெர்னியரை வைத்தால் தப்பான எண் வருகிறது. ஐந்து காடி என்பதால் ஒரு காடிக்கு நேர் எதிரே காடி இல்லை, மேடுதான் இருக்கிறது. வி-வடிவ மைக்ரோமீட்டர் வேண்டும். அது வரட்டும்.

ஜூன் 22

இன்னும் பெயர் மாறவில்லை.

ஜூன் 26

டி.பி. என்ற குத்து எங்காவது இருக்கிறதா என்று மரம், ரிசீவர், போல்ட் எல்லாம் தேடியாயிற்று. இருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடவே கூடாது. இல்லை. காடி இருப்பதால், காவலர்களுக்காக .410 சிறுகுண்டுத் துப்பாக்கியாக மாற்றி வழவழக் குழலாக்கியதும் அல்ல. 7.62 மி.மீ. தோட்டாவுக்கானதும் அல்ல: இஷாப்பூர் 1960-களில் அந்தத் தோட்டாவுக்கென்று தனியாகச் செய்த 2ஏ வகையில் மேகசின் சதுரமாக, 12 தோட்டாவுக்கு இருக்கும். இதில் அடி சாய்ந்த பத்துத் தோட்டா மேகசின்.

வேறு போல்ட். அந்த நினைப்புத்தான் மறுபடி மறுபடி.

ஜூலை 2

முன்கட்டை கழன்றது. மூக்குக் கவசத் திருகுகள், கவசம், நடுவளையம், மேல்மரங்கள், உள்வளையத் திருகு (அதற்குள் ஒரு சுருள்வில், ஒரு வாஷர்; தட்டில் பிடிக்காவிட்டால் தேட வேண்டியதுதான்), கடைசியில் விசைக்காப்பின் இரண்டு திருகுகள். இதில் ஒன்றை மறந்துவிட்டு இழுத்தால் மரம் பேசும். நேர் கீழாக, ஆட்டாமல் இறக்கினோம்.

பின்முனையில் உதையைத் தாங்கும் இரண்டு முட்டுகள் எண்ணெய் ஊறிக் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிகின்றன. இங்கே மரம் நசுங்கினால் குழல் ஒவ்வொரு சூட்டுக்கும் வேறு இடத்தில் உட்காரும், குறி சிதறும். உப்புத்தாள் வேண்டாம், தேய்த்தால் முத்திரையெல்லாம் போய்விடும். துணியில் கொஞ்சம் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய், அதுவும் வெளிப்பக்கம் மட்டும்.

பின்கட்டைப் போல்ட்டை இப்போது முறுக்கினார்கள். கால் சுற்று. ஆட்டம் நின்றது.

ஜூலை 5

அளவுக்கட்டைகள் வந்தன. .303 தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில் அந்த விளிம்புக்குள்ள இடைவெளிதான் கணக்கு. 0.064 அங்குலக் கட்டை மேல் போல்ட் மூடவேண்டும், 0.074 மேல் மூடக்கூடாது. வெடியூசியைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் மட்டும் அழுத்தினோம்.

0.064 மூடியது.

0.074-உம் மூடியது.

ஜூலை 6

இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாக் கூடு பின்னுக்கு நீளும். அடியிலிருந்து அரை அங்குலம் மேலே மெலிந்து, ஒரு நாள் அங்கேயே அறுந்து இரண்டாகும். அறுந்த முன்பாதி சேம்பரிலேயே நின்றுவிடும், பின்னால் வருவது சூடான வாயு, முகத்துக்கு நேராக.

நல்லவேளை, லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றுவது. பின்னால் வந்த நம்பர் 4 வகையில் 0, 1, 2, 3 என்று தலையிலேயே அளவு குத்தியிருக்கும். இதில் அப்படி இல்லை, மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். டப்பாவில் ஐந்து பழைய தலைகள்.

ஜூலை 8

முதல் தலை இப்போதிருப்பதைவிடக் குட்டை. இரண்டாவது நீளம் போதும், ஆனால் முழுக்கத் திருகி முடித்தும் போல்ட்டின் வரம்பைத் தாண்டிச் சுற்றிப் போகிறது, மறை தேய்ந்துவிட்டது. மூன்றாவது 0.006 அங்குலம் நீளம், சரியாக வரம்பில் வந்து நிற்கிறது. கட்டையை வைத்துப் பார்ப்பதற்குள் கடை சாத்தும் நேரம்.