பிரித்தாலும் பிடிபடாத ஜெர்மன் சொற்கள்

ஜெர்மன் கற்கத் தொடங்கியதும் கூட்டுச்சொற்களுக்கென்று தனி நோட்டு போட்டேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதைப் பிரித்த பாகங்கள். தினம் ஐந்து.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. ஹாண்ட்ஷூ: கை, காலணி, சேர்ந்தால் கையுறை. ஷில்ட்க்ரோட்டெ: கேடயம், தேரை, சேர்ந்தால் ஆமை. பிறந்தநாளுக்குரிய கெபுர்ட்ஸ்டாக் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பிறப்பு என்ற கெபுர்ட்டுக்கும் நாள் என்ற டாக்குக்கும் நடுவே ஒரு 'ஸ்' நிற்கிறது. கெபுர்ட் பெண்பால் சொல். 'உடைய' என்று பொருள்தரும் 'ஸ்' வேற்றுமை உருபை அது ஏற்காது. அப்போதுதான் புளியங்காய் நினைவுக்கு வந்தது. புளிக்கும் காய்க்கும் நடுவே வரும் 'அம்' போல இதுவும் ஒரு சாரியை! அன்று முழுக்க அந்த சந்தோஷம்தான்.

மூன்றாம் வாரம் ஹெங்கமட்டெ. தொங்கு, பாய்: தொங்கும் பாய், அதாவது தூளிபோல் கட்டிப் படுக்கும் வலைப்படுக்கை. பொருள் கச்சிதமாக உட்கார்ந்ததால் டிக் அடித்துவிட்டு நகர்ந்தேன். அப்புறம் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்தால், இது ஜெர்மன் வேரே இல்லை. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் 'அமாக்கா' என்றார்கள். 1492-இல் கொலம்பஸ் அங்கே போனபின் அது ஸ்பானிய மொழிக்குள் வந்தது. டச்சுக்காரர்கள் காதில் விழுந்த புரியாத ஒலியைத் தங்கள் 'தொங்கு', 'பாய்' என்ற சொற்களாக வளைத்து 'ஹாங்மாட்' ஆக்கினார்கள். ஜெர்மன் அதை வாங்கிக்கொண்டது. நான் பிரித்த இரண்டு பாகமும் பின்னால் ஒட்டியவை.

சரி, டிக் அடித்தவற்றையெல்லாம் மறுபடி எடுத்தேன். அகழெலிக்கு மவுல்வுர்ஃப் என்று பெயர். 'மவுல்' என்றால் விலங்கின் வாய், 'வுர்ஃப்' எறிதல். வாயால் மண்ணை எறியும் என்று எழுதியிருந்தேன். ஆனால் அது மண் தள்ளுவது அகன்ற முன்னங்கால்களால். பழைய ஜெர்மனில் முதல் பாதி 'மூ', அதாவது குவியல். பின்னர் மண் என்ற பொருளுள்ள 'மோல்ட்' அந்த இடத்துக்கு வந்தது. அந்தச் சொற்கள் வழக்கொழிந்ததும் வாய் வந்து உட்கார்ந்துகொண்டது. தோட்டத்தில் மண்மேடு பார்த்தவன் வைத்த பழைய பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி, பழைய வடிவத்துக்கு. தினம் ஐந்து சொல் ஒன்றாகக் குறைந்துவிட்டது. நேற்று ஆர்ம்ப்ருஸ்ட், குறுக்குவில். இன்றைய ஜெர்மனில் பிரித்தால் கை, மார்பு. மூன்றாம் பத்தியில் எழுதியது: லத்தீன் ஆர்குபல்லிஸ்டா, வில், எறிபொறி.