லாரி இன்சூரன்ஸும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆதார் நகலும்

நாமக்கல்லில் லாரிகளுக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். பாலிசி முடியும் நேரம் நெருங்கினாலே உரிமையாளர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் போன் செய்கிறார்கள். வண்டி எண், முடியும் தேதி எல்லாம் ஒப்பிக்கிறார்கள். "அண்ணே, பாதி விலைக்குப் போட்டுத் தர்றோம், ஜிபே பண்ணிடுங்க."

நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை வண்டியின் எடையை வைத்து அரசே நிர்ணயிக்கிறது. 2022 அறிவிப்பில் 40 டன்னைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு 44,242 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதேதான். பாதிக்குத் தருகிறேன் என்றால் சந்தேகமே வேண்டாம், போலி. டூவீலருக்குப் போட்ட பாலிசியில் விவரங்களைத் திருத்தி லாரிக்கு அச்சடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. விபத்தில் ஓர் உயிர் போனால் இழப்பீடு முழுக்க உரிமையாளர் தலையில் விழும். இறந்தவர் குடும்பமும் காசுக்கு அலைய வேண்டியிருக்கும்.

விவரம் கசிய நம் பக்கமும் ஒரு காரணம். ஏற்றிச் செல்ல லோடு கேட்கும்போதே உரிமையாளர்கள் ஆர்சி, லைசென்ஸ், பான், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலைத்தான் வாங்குகிறேன். ஆதார் இணையதளத்திலேயே அது கிடைக்கும். வேலை முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடுவேன். தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை. சரி, அது பெரிய கம்பெனிகள் கவலை. ஓட்டுநரின் ஆதாரை அவரைக் கேட்காமலே அனுப்புவதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் பெயரில் யாரோ சிம் வாங்கினால், குஜராத் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.