தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் நான், புழுங்கல் நெல் ஊறிய நீர் சேரும் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கான பயிற்சியில் சென்ற வாரம் கலந்துகொண்டேன். ஊறல் நீர் புளித்து வண்டலாகத் தங்கும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உருவாகலாம். காற்றைவிடக் கனமான அவ்வாயு அடியில் தேங்குவதால், வாயு மீட்டரின் குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலும் இறங்கக் கூடாது. அந்த நாற்றம் அடித்தால் ஏறி வந்துவிடலாம் என்று எங்கள் மேஸ்திரி சொல்லிவந்ததை நானும் நம்பியிருந்தேன். ஆனால் அவ்வாயுவின் செறிவு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவை எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு அந்த நாற்றத்தை உணராமல் போய்விடுகிறது.

உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவர் குதிக்கக் கூடாது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது (கூட வேலை செய்பவன் விழுந்தால் கைகட்டி நிற்க யாருக்கு மனம் வரும்?). அதற்காகவே இறங்குபவரின் தோள்பட்டை வாரில் கட்டிய கயிறு, தொட்டி வாயின் மேல் நிறுத்திய முக்காலியின் கப்பி வழியாக வெளியே இருப்பவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும். தக்க பாதுகாப்புக் கருவி இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை உள்ளே கொண்டுசெல்வதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தடுத்தது. எங்கள் தொட்டியில் போன மாதம்வரை 230 வோல்ட் குண்டு பல்பு, ஒட்டுப்போட்ட வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.