‘டீ’யும் நம்ம தேத்தண்ணியும்

‘டீ’ இங்கிலீஷ் சொல், ‘தேத்தண்ணி’ பட்டிக்காட்டுப் பேச்சு என்று டவுன் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

சீனாவின் ஃபூஜியன் கரையோரத்து ஹொக்கியன் பேச்சில் இந்த இலைக்குப் பெயர் ‘தே’. டச்சுக்காரன் கப்பலில் சரக்கோடு பெயரும் ஏறி ஐரோப்பா போனது. போர்த்துக்கேயர் மக்காவ் பக்கம் வாங்கினார்கள், அங்கே ‘சா’. தரைவழியாகப் போனதும் அந்தச் ‘சா’தான், பாரசீகம் தாண்டி ஹிந்தியில் சாய், கேரளத்தில் சாயா.

வெள்ளைக்காரனும் முதலில் ‘டே’ என்றுதான் பரவலாகச் சொன்னான். 18ஆம் நூற்றாண்டுக் கவிதைகளின் எதுகையைப் பார்த்தாலே தெரியும். பிறகுதான் அது ‘டீ’ ஆனது. நாம் தேயிலை, தேத்தண்ணி, சிங்களத்தில் ‘தே’ என்று பழைய ஓசையை விடாமல் வைத்திருக்கிறோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை இலங்கையின் லூல்கந்துரவில் 19 ஏக்கர் தேயிலை நட்டபோது அந்தச் சொல் இங்கிலீஷுக்குப் போய் இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1660லேயே டயரியில் ‘சீனத்துப் பானம்’ குடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே கடையில் கூச்சப்படாமல் சொல்லுங்க: “அண்ணே, சாயம் கூட்டி ஒரு தேத்தண்ணி!”