ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

பங்கு விலை எவ்வளவு ஆடுகிறது என்பதையே ரிஸ்க் என்று பல ஆப்கள் காட்டுகின்றன. பீட்டா என்பது சந்தை ஆடுவதோடு ஒப்பிட்டால் ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற எண்: 0.6 என்றால் பாதுகாப்பான பங்கு, 1.5 என்றால் ஆபத்து. ஆனால் கணக்கை மெழுகிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் பங்கிலும் பீட்டா குறைவாக இருக்கலாம். காலாண்டுதோறும் லாபம் சொன்னபடியே வந்தால் விலை ஏன் ஆடப்போகிறது? அந்த ரிஸ்க் விலையில் தெரியும் நாளில் விற்கவும் வழியிருக்காது. கணக்கு மோசடி வெளிப்பட்ட சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தின் பங்கு 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் 75 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. வாங்க ஆள் இல்லாத இடத்தில், விலை விழுந்தால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டு என்ன பயன்?

அதனால் விலை வரைபடத்தை மூடிவிட்டு ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். தலைவரின் கடிதம் கடைசியில் படிக்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, நிர்வாகிக்கு எதை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது. போனஸ் ஒரு பங்குக்கான லாபத்தோடு கட்டப்பட்டிருந்தால் அவர் என்ன செய்வார் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். லாபம் 100 கோடி, பங்குகள் 10 கோடி என்றால் ஒரு பங்குக்கு 10 ரூபாய். கடன் வாங்கி 1 கோடிப் பங்குகளைத் திரும்ப வாங்கினால், வட்டியைக் கழிக்கும் முன் அது 11.11 ஆகிறது. வியாபாரம் ஒரு அடி கூட நகரவில்லை. போனஸ் வந்துவிட்டது, கடனும் ஏறிவிட்டது. போட்ட மூலதனத்துக்கு வந்த வருவாயை வைத்து, அதுவும் மூன்று ஆண்டுச் சராசரியாக, போனஸ் தரும் நிறுவனத்தில் இந்த வித்தைக்கு இடம் குறைவு.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 400க்கும் மேற்பட்ட நிறுவன நிதி அதிகாரிகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாபம் சீராகத் தெரிவதற்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் கொஞ்சம் இழக்கத் தயார் என்று 78 சதவீதம் பேர் சொன்னார்கள். விளம்பரச் செலவைத் தள்ளிப்போடுவது, ஆராய்ச்சியைக் குறைப்பது, காலாண்டின் கடைசி வாரத்தில் விநியோகஸ்தர் தலையில் சரக்கைக் கட்டுவது எல்லாம் இதில் சேரும். சரக்கைக் கட்டியது கடன் பாக்கியில் தெரிந்துவிடும். வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். மூன்று ஆண்டுக்கு முன் 60 நாளாக இருந்தது இப்போது 95 நாள் என்றால், விற்பனை வளர்ச்சியில் ஒரு பகுதி இன்னும் காசாகவில்லை.

அடுத்தது எல்லோரும் சொல்லும் சோதனை: ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து ஆண்டுச் செயல்பாட்டுப் பணவரவோடு, அதாவது வியாபாரத்திலிருந்து கைக்கு வந்த பணத்தோடு, ஒப்பிடுவது. பணவரவு லாபத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் காரணம் தேட வேண்டும். வேகமாக வளரும் நிறுவனத்தில் சரக்கிருப்பும் பாக்கியும் பணத்தை விழுங்குவது இயல்புதான். வளர்ச்சி நின்ற பிறகும் விழுங்கினால்தான் சிக்கல்.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அன்றாடச் செலவைச் சொத்து வாங்கியதுபோல மூலதனமாக எழுதினால் அது செயல்பாட்டுப் பணவரவிலிருந்தே நழுவி முதலீட்டுப் பகுதிக்குப் போய்விடும். 2002இல் வெளிவந்த, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் மோசடி இந்த வகை. எனவே மூலதனச் செலவையும் கழித்துப் பாருங்கள். முடிவடையாத மூலதனப் பணிகள் மூன்று நான்கு ஆண்டாக அப்படியே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இன்னும் மோசம், வங்கி இருப்பே பொய்யாக இருப்பது. சத்யம் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஜெர்மனியின் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டில் 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணவில்லை. இருப்பு பொய்யானால் அதையொட்டிப் பணவரவும் அழகாகத்தான் தெரியும். இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனம் ஏன் கடன் வாங்குகிறது? வட்டி வருமானத்தைச் சராசரி இருப்பால் வகுத்தால் வழக்கமான டெபாசிட் வட்டி வருகிறதா? வந்தாலும், அது கைக்கு வந்த வட்டியா, வரவேண்டியதாக எழுதி வைத்ததா? சத்யத்தில் 376 கோடி ரூபாய் வட்டியும் ஏட்டில் மட்டுமே இருந்தது. புலிவாலைப் பிடித்தவன் கதைதான் இது: ஒரு காலாண்டில் கூட்டிக் காட்டிய லாபத்தை அடுத்த காலாண்டிலும் கூட்டிக் காட்டியே ஆக வேண்டும்.

தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் பற்றிய குறிப்பைத் தவறவிடவே கூடாது. குழும நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனும் உத்தரவாதமும் நிகர மதிப்பில் எத்தனை சதவீதம்? நிறுவனம் 10 சதவீத வட்டிக்கு வாங்கி, தலைவரின் சொந்த நிறுவனத்துக்கு 6 சதவீதத்தில் கொடுத்தால் அந்த 4 சதவீதம் உங்கள் பணம். சுயேச்சை இயக்குநர்கள் இருக்கிறார்களே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தலைவர் குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க 2008 டிசம்பரில் சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. தடுத்தது முதலீட்டாளர்களின் கூச்சல்தான்.

புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதன்மைப் பங்குதாரர், தன் கடனுக்கு ஈடாக வைத்த அடமானப் பங்குகளில் பலர் தவறான சதவீதத்தைப் படிக்கிறார்கள். மொத்தப் பங்குகளில் 10 சதவீதம்தான் அடமானம் என்று நிறுவனம் சொல்லும். புரமோட்டர் கையில் இருப்பதே 20 சதவீதம் என்றால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். 100 ரூபாய் மதிப்புள்ள பங்கை வைத்து 50 ரூபாய் கடன், இரண்டு மடங்கு ஈடு நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். விலை 30 சதவீதம் விழுந்தால் ஈடு 70 ஆகிறது. இன்னும் 30 ரூபாய்க்குப் பங்கு கேட்பார்கள். கையில் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் சந்தையில் விற்பார், விலை மேலும் விழும், அடுத்தவரும் விற்பார். நல்ல வியாபாரம் கூட இதில் மாட்டிக்கொள்ளும்.

புதிய தலைமை நிர்வாகி வந்த முதல் ஆண்டு தனி விஷயம். பழைய பாவங்கள் என்ற பெயரில் சரக்கு, பாக்கி, குட்வில் (பிற நிறுவனங்களை வாங்கியபோது கூடுதலாகக் கொடுத்த விலை) எல்லாவற்றையும் அந்த ஆண்டே கழித்துவிடுவார். அடுத்த ஆண்டு லாபம் துள்ளி எழும். வரக்கூடிய நஷ்டத்துக்கென முன்பு அதிகமாக எடுத்த ஒதுக்கீட்டை லாபமாகத் திருப்பி எழுதினாலே போதும். ஆகவே முதல் ஆண்டு நஷ்டத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், இரண்டாம் ஆண்டு லாபத்துக்கு அதிக விலை கொடுக்கவும் வேண்டாம். மூன்றாம் ஆண்டு பணவரவுதான் அவருடைய சொந்தக் கணக்கு.

இவ்வளவு பார்த்தாலும் தேர்ந்த மோசடி தப்பிவிடும். அதற்கு மருந்து பங்கின் எடைதான், அதாவது உங்கள் மொத்த முதலீட்டில் அந்தப் பங்கு எவ்வளவு என்பது. எவ்வளவு பிடித்த நிறுவனமானாலும், பூஜ்யமானால் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள். என் கணக்கில் அது மொத்த முதலீட்டில் 5 சதவீதம். ஒரே குழுமத்தின் மூன்று நிறுவனங்கள் இருந்தால் அவை மூன்றையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். மேலே சொன்னவற்றில் ஒரு குறி தெரிந்தால் கூடுதலாக வாங்குவதை நிறுத்துவேன், இரண்டு தெரிந்தால் விற்பேன். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இரண்டாவது குறிக்காகக் காத்திருப்பதில்லை: தணிக்கையாளர் பதவிக்காலத்தின் நடுவில், கேட்ட தகவல் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு விலகுவது. விளக்கக் கூட்டத்தில் நிர்வாகம் என்ன சொல்கிறது என்பதை விற்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம்.